வாசலோர வாங்கு

— அந்த வாங்கு எங்க, மாரியாயி?

— வாங்க உபதேசியாரே. கால ஒதறிட்டு இஸ்தோப்புத் திண்ணையில ஏறுங்க, அட்டை ஒட்டிக்கிட்டு வரும். எந்த வாங்கு?

— தெரியாத மாதிரிக் கேக்காத. சர்ச்சு வாசலோரத்துல, மணிக்கயித்துக்குக் கீழ உக்காரப் போட்டிருந்த பலகை வாங்கு. நாளைக்கு ஆராதனைக்குக் கூட்டிப் பெருக்கலாம்னு கதவத் தொறக்குறேன், எடம் வெறிச்சோடிக் கெடக்குது. தூக்கிட்டுப் போனது உம்புருசன்னு லயத்து வரிசை வீடெல்லாம் சொல்லுது.

— லயம் சொல்றது சரிதான். அறுத்தாச்சு.

— அறுத்தாச்சுன்னா?

— அறுத்தாச்சுன்னா அறுத்தாச்சுதான். பின்பக்கம் சத்தம் கேக்குதில்ல? அவருதான். நாலு காலையும் மொதல்லயே கழட்டிட்டாரு.

— கவனமாக் கேளு மாரியாயி. அது சபைச் சொத்து. எங்க தகப்பனார் உபதேசியாரா இருந்த காலத்துல செஞ்ச பலா வாங்கு. நாளைக்கு மாத்தளையில இருந்து போதகர் ஐயர் வாராரு, அப்பமும் ரசமும் வச்சு இராப்போசனம் குடுக்க. அதுல சேரக் கூடாதுன்னு தண்டனையில இருக்கறவங்க எங்க உக்காருவாங்கன்னு கேட்டா நான் என்ன பதில் சொல்றது?

— நாளைக்குத் தண்டனையில யாரு இருக்கா? சொல்லுங்க பாப்போம்.

— நீ இருக்க. அம்மன் கோயில்ல கூழ் ஊத்துனப்போ ஏனத்தத் தூக்கிட்டுப் போய் வரிசையில நின்னியா இல்லையா? படைச்சத வாங்கிக் குடிச்சியா இல்லையா?

— நின்னேன். குடிச்சேன். ரெண்டாவது தடவையும் நின்னேன். கடையில மாவு இல்ல, கூப்பன் அரிசி இல்ல, மரவள்ளித் தோலக்கூட அவிச்சுத் தின்னு பாத்தாச்சு. அன்னைக்கு அந்த வரிசையில உங்க சபை ஆளுங்க எத்தன பேரு முக்காடு போட்டுக்கிட்டு நின்னாங்கன்னு நான் சொல்லவா?

— வேணாம். மத்தவங்க கதை வேணாம். நீ வந்து ஒத்துக்கிட்ட, அதனால நீ உக்காரணும். சபை ஒழுங்கு அப்படித்தான். உக்கார வெக்கமா இருந்தா எங்கிட்ட வந்து சொல்லியிருக்கலாம். சொல்லாமக் கொள்ளாம வாங்குப் பலகைய அறுக்கிறது என்ன பழக்கம்?

— ஓ. நான் உக்காரக் கூடாதுன்னு அறுத்ததா நெனச்சுக்கிட்டா இம்புட்டுத் தூரம் மூச்சு வாங்க ஏறி வந்தீங்க?

— வேற எதுக்கு?

— பெட்டிக்கி.

— என்ன பெட்டி?

— சின்னப் பெட்டி. ஒரு வாங்குல தாராளமா அடிச்சிடலாம். முந்தாநாளு இந்தக் காம்பராவுல ஒரு பிள்ள பொறந்துச்சு உபதேசியாரே. இன்னைக்கு விடியறப்போ போயிருச்சு.

— கர்த்தரே. எனக்கு யாரும் சொல்லலியே.

— நீங்க வாங்கு எங்கன்னுல்ல கேட்டுக்கிட்டு வந்தீங்க.

— சரி, சரி. ஆனா சாவுன்னா தோட்டத்துல பெட்டிப் பலகை குடுப்பாங்களே. அது நம்ம பாட்டன் காலத்துல இருந்து உள்ள வழக்கமாச்சே.

— வெள்ளக்காரத் தொரை இருந்த வரைக்கும் குடுத்தாங்க. தோட்டத்த அரசாங்கம் எடுத்ததுல இருந்து ஆளுக்கு ஆள் கைய விரிக்கிறாங்க. என்னங்க, இங்க வாங்க. கிளாக்கரு சொன்னத உபதேசியாருக்குச் சொல்லுங்க.

— கும்புடுறேன் சாமி. கையெல்லாம் தூளு, தப்பா எடுத்துக்காதீங்க. பேக்டரியில தேயிலைப் பெட்டி அடிக்கிறவனே நான்தான். ஒரு பலகை, ஒரே ஒரு பலகை குடுங்க ஐயான்னு கேட்டேன். செத்ததுக்கெல்லாம் பலகை குடுத்தா தேயிலைய சாக்குலயா கொழும்புக்கு அனுப்புறதுன்னு கேட்டாரு. நமக்கென்ன, திரும்பி வந்தேன். வார வழியில உங்க சர்ச்சுக் கதவு பூட்டாமக் கெடந்துச்சு.

— கதவு தொறந்திருந்தா உள்ள இருக்கறதத் தூக்கிட்டு வந்துடலாமா சிவசாமி? நீயோ விபூதி பூசுறவன். உனக்கு அந்த வாங்கோட என்ன உறவு?

— இருக்குங்க சாமி. போன தைப்பூசத்துக்குக் காவடி எடுத்தது நானு. அதுக்கு ஒங்க வாங்குல உக்காந்தது இவ. முதுகுல கொக்கி மாட்டுனவனுக்கு ஒண்ணுமில்ல, பாட்டுப் புஸ்தகம் புடிச்சவளுக்குத் தண்டனை. அப்பவே நெனச்சேன், இந்தப் பலகைக்கு நாம ஏதோ கடன் பட்டிருக்கோம்னு.

— நீங்க போய் ஆணிய அடிங்க. நான் பேசிக்கிறேன்.

— பேசு, பேசு. நமக்கென்ன. பொழுது எறங்குறதுக்குள்ள முடிச்சாச் சரி. மேல மழை கட்டுது.

— இப்ப கேக்குறேன் உபதேசியாரே. சாவியக் குடுங்க.

— என்ன சாவி?

— இடுப்புல தொங்குதே, கல்லறைத் தோட்டத்துச் சாவி.

— அது முடியாது மாரியாயி.

— ஏன்?

— ஏன்னு உனக்கே தெரியும். ஞானஸ்நானம் வாங்காத பிள்ளை. சபை எல்லைக்குள்ள அடக்கம் பண்ணக் கூடாது. நான் போட்ட சட்டம் இல்ல இது, எனக்கு முந்தியே இருந்தது. லயத்து மயானம் ஆத்தோரத்துல இருக்குதே, அங்க கொண்டு போங்க. நானும் வாரேன். தள்ளி நின்னு ஒரு ஜெபம் சொல்றேன்.

— தள்ளி நின்னு.

— அதுக்கு மேல எனக்கு அனுமதி இல்ல.

— அந்த மயானத்துக்கு நீங்க போய் எத்தன நாளாச்சு? காட்டுப்பன்னி எறங்குது. போன மாசம் பொதச்ச கெழவரோட வேட்டி வேலியில தொங்குச்சு. பட்டினிச் சாவுல குழி வெட்டுறவனுக்கும் தெம்பில்ல, அரை ஆழம்தான் வெட்டுறான். உங்க கல்லறைத் தோட்டத்தச் சுத்திக் கல்லு மதில் இருக்குது. அந்தத் தாய் எங்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. அக்கா, பன்னி தோண்டாத எடத்துல வைங்கன்னா. பூ கேக்கல, மணியடிக்கச் சொல்லல. மதில் மட்டும்.

— தாய் யாரு?

— ஒரு பொம்பள.

— அழகாயி மகள்தானே? டவுன்ல ஒரு வீட்டு வேலைக்குப் போனாளே, போன மாசம் வயித்தத் தள்ளிக்கிட்டு இரத்தோட்டை பஸ்ஸுல வந்து எறங்குனான்னு பேச்சு. தகப்பன் பேர் சொல்ல மாட்டேங்கிறாளாமே.

— மெதுவாப் பேசுங்க. உள்காம்பராவுலதான் படுத்திருக்கா. நடுவுல இருக்கறது வெறும் சாக்கு. நீங்க சொல்ற ஒவ்வொண்ணும் அவ காதுல விழுகுது.

— அழகாயி மகள்தானான்னு கேட்டேன்.

— பேர் சொல்ல மாட்டேன். சொல்லக் கூடாதுன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கியிருக்கா. அது மட்டுமில்ல, எனக்கே சொல்ல இஷ்டமில்ல. பேரச் சொன்னா ஒண்ணு அந்தப் பேருக்காகத் தொறப்பீங்க, இல்ல அந்தப் பேருக்காகப் பூட்டுவீங்க. எனக்கு அது ரெண்டும் வேணாம்.

— பிடிவாதத்துக்கு ஒரு அளவு இருக்கு. சரி, இங்க பாரு. நான் கல் மனசுக்காரன் இல்ல. மூச்சு இருந்த நேரத்துல நீயாவது பிள்ளை தலையில தண்ணி ஊத்தி, ஒரு பேரச் சொல்லி ஜெபம் பண்ணுனியா?

— இல்ல.

— யோசிச்சுச் சொல்லு. அவசரத்துக்கு ஒரு விசுவாசி தண்ணி ஊத்துனான்னு சொன்னா, ஐயர்கிட்டப் பேசி எப்படியாவது சரிக்கட்டிடுவேன். நீ ஊத்துனேன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்.

— அப்ப சாவி வந்திருமா?

— வந்திரும்.

— பொய் சொன்னாத் தொறக்கும், உண்மையச் சொன்னாப் பூட்டுன்னா, அது என்ன கல்லறைக் கேட்டு உபதேசியாரே?

— நான் உனக்கு ஒரு வழி காட்டுறேன், நீ...

— எனக்குத் தண்ணி நெனப்பு வரல. பால் நெனப்புதான். தாய்க்கு மாரு ஊறல. அவ வயித்துல எதுவும் விழுந்து எத்தன நாளோ. நான் லயம் லயமா ஓடுனேன், ஆடு வச்சிருக்கிற வீட்டுக்கெல்லாம். டவுனுக்குப் போற வழியில கடை வச்சிருக்கிற முத்தலிப் நானா டின் பாலுல கடைசிக் கரண்டியச் சொரண்டி இலையில வச்சுக் குடுத்தாரு. நான் திரும்பி வாரதுக்குள்ள பிள்ளைக்கி விழுங்கத் தெம்பு போயிருச்சு. அந்த நேரத்துல தலையில தண்ணி ஊத்துனேன்னு இப்ப வாய் கூசாமச் சொல்லணுமா? மாட்டேன்.

— அப்ப நான் ஒண்ணும் செய்ய முடியாது.

— மதில் ஏறிக் குதிக்கிறதா இருந்தா நமக்கென்ன சாமி, நான் ரெடி. பெட்டிக்கி மூடி மட்டுந்தான் பாக்கி.

— நீங்க சும்மா இருங்க. யாரும் மதில் ஏற வேணாம். கள்ளத் தேங்கா மாதிரி ஒளிச்சுக் கொண்டு போக மாட்டேன். கேட்டு வழியாத்தான் போகும். தொறந்த கேட்டு வழியா.

— வாங்குப் பலகைய மட்டும் எங்கிட்டக் கேட்டுத்தான் எடுத்தியோ?

— இல்ல. வாங்கு அதுல உக்காந்தவங்களுக்குச் சொந்தம். நீங்க ஒருநாளும் அதுல உக்காந்ததில்ல, அதனால உங்ககிட்டக் கேக்கத் தோணல.

— உனக்கு வாய் அதிகம். அன்னைக்கே தெரிஞ்சுச்சு எனக்கு, ஞானஸ்நானத் தொட்டிகிட்ட. மேரின்னு நல்ல பேரா வச்சேன். ஐயர் கேட்டதும் மாரியாயின்னு சத்தமாச் சொன்ன.

— விடியக்காலையில வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுல அந்தப் பேர்தான் கூப்புடுறாங்க. கொழுந்து நிறுக்கிற எடத்துல அந்தப் பேர்தான் கூப்புடுறாங்க. ஆண்டவருக்கு மட்டும் வேற பேர் சொன்னா அவருக்கு என்னய அடையாளம் தெரியாதா?

— பாத்தியா, பாத்தியா. எதுக்கெடுத்தாலும் எதிர்ப் பேச்சு.

— நான் எதுக்கு ஒங்க சபையில சேந்தேன்னு ஞாபகம் இருக்கா?

— அது இப்ப எதுக்கு?

— இருங்க, சொல்றேன். பெரட்டுக் களத்துல நின்னு பேசுனீங்க. அப்ப எனக்கு ரெண்டாவது பிள்ள வயித்துல. எட்டு மாசம். கூடை நெறையல, கணக்கப்பிள்ள அரைப்பேர் போட்டு அரைநாள் கூலியாக்கிட்டாரு. நாள் பூரா மலையில நின்னவளுக்கு அரைப்பேர். அழுதுக்கிட்டு நிக்கிறேன். நீங்க சொன்னீங்க, ஆண்டவர்கிட்ட தராசு இல்ல, கூடை நெறஞ்சாலும் நெறையலன்னாலும் முழுப்பேர்தான், சம்பாரிச்சு வாங்குறதில்ல அது, சும்மா குடுக்கிறது, அதுக்குப் பேர்தான் கிருபைன்னு. சொன்னீங்களா இல்லையா?

— சொன்னேன்.

— அத நம்பி வந்தேன். என் ஆத்தா தலைமுழுகிட்டா, இவரு அண்ணன் தம்பிங்க பேசுறதில்ல. உள்ள வந்து உக்காந்தா, நீங்க தராச எடுத்துட்டீங்க. கூழ் குடிச்சவளுக்கு அரைப்பேர். காவடிக்காரன் பொண்டாட்டிக்கு அரைப்பேர். இப்ப வாயே தொறக்காத ஒரு பச்சப்பிள்ளைக்கி பேரே இல்ல. கணக்கப்பிள்ளயாவது அரைப்பேர் போட்டாரு உபதேசியாரே.

— கிருபைன்னா ஒழுங்கு வேண்டாம்னு அர்த்தமில்ல. எல்லாரையும் எல்லாத்துக்கும் விட்டா சபையே மிஞ்சாது. நான் யாருக்கும் பாரபட்சம் பாத்ததில்ல, அது உனக்கே தெரியும். நான் பெத்த மகள் சலோமி, கீழ் லயத்து சுந்தரம்மா மகனோட அம்மன் கோயில்ல போய்த் தாலி கட்டிட்டு வந்தா. அவளையே அந்த வாங்குல உக்கார வச்சேன். எல்லாரும் பாக்க. என் பொண்டாட்டி கால்ல விழுந்தா, நான் அசையல.

— தெரியும். அன்னைக்கு நான் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். காவடித் தண்டனை.

— மூணு ஞாயிறு உக்காந்தா. நாலாவது ஞாயிறு வரல. ரெண்டு பேரும் தம்புள்ளைப் பக்கம் லொறியில போயிட்டதாச் சொன்னாங்க. தாய் செத்ததுக்குக்கூட வரல. சொல்லி அனுப்ப வெலாசம் இல்ல. நான் ஒண்டியாத்தான் பொங்கித் திங்கிறேன். இருந்தும் ஒழுங்க மாத்தலியே நான். எனக்கு இல்லாத சலுகை வேற யாருக்கு?

— சாமி, கொஞ்சம் தள்ளுங்க. மூடிய இங்க வச்சு இழைக்கிறேன், அந்தப் பக்கம் தூறுது. இந்தா பாருங்க, பலகை நல்லா வைரம் பாஞ்ச பலகை. அடிப்பக்கம் மட்டும் ஒரே கீறலு. இழைச்சாலும் போகல.

— என்ன கீறல்? காட்டு. பூச்சி அரிச்சதா?

— பூச்சி இல்ல உபதேசியாரே. நெகம். ஊசி, கொண்டை ஊசி. உக்காந்திருக்கிறவங்க கைக்கு வேற என்ன வேல? முன்னால எல்லாரும் அப்பமும் ரசமும் வாங்கிட்டுத் திரும்பி வாராங்க, நம்ம முகத்தப் பாக்காமப் போறாங்க. கை தானா அடியில போகும். இந்தா, இது நான் போட்டது. இதோ இந்த ஆழமானது எனக்கு முந்தி யாரோ.

— இம்புட்டுப் பேரா உக்காந்தாங்க.

— உங்க அப்பா காலத்துல இருந்து.

— சலோமி... அவ எந்தப் பக்கம் உக்காந்தா?

— இந்த ஓரம். மணிக்கயிறு தலையில இடிக்கும், கொஞ்சம் சாஞ்சு உக்காருவா.

— இங்க கீறலே இல்லியே.

— அவ கீறல. கைய மடியில வச்சுக்கிட்டு நேரா உங்களயே பாத்துட்டு இருந்தா, மூணு ஞாயிறும். நீங்க அப்பத்தட்டத் தூக்கிட்டு ஐயருக்குப் பின்னால நின்னீங்க. அந்தப் பக்கம் ஒருக்காவும் திரும்பல.

— திரும்பியிருந்தா என்னால நின்னிருக்க முடியாது, மாரியாயி.

— நிக்காம இருந்திருக்கலாமே.

— சாமி, கண்ணுல தூளு பட்டிருச்சா? அந்தப் பக்கமா உக்காருங்க.

— ஒண்ணுமில்ல. இழைச்சது போதும் சிவசாமி, விடு. அந்தப் பக்கம் உள்ளுக்குப் போகட்டும்.

— எந்தப் பக்கம்?

— கீறல் பக்கம் இல்ல. இது. இந்த வெறும் பக்கம். பிள்ளை மேல படுற பக்கம் வழவழன்னு இருக்கட்டும்.

— சரிங்க சாமி.

— மாரியாயி. இந்தா.

— என்னது?

— நீ கேட்டப்போ நான் தர மாட்டேன்னு சொன்னது. மேல பூட்டு துருப்புடிச்சிருக்கும், தேங்கா எண்ணெய் ரெண்டு சொட்டு விடு. மதிலுக்கு ஒட்டுன மாதிரி, பெரிய ஏலக்காச் செடி நிக்கிற மூலையில வெட்டச் சொல்லு. அங்க மண்ணு மெதுவா இருக்கும். எங்க அப்பாவுக்குப் பக்கத்துல.

— நான் தண்ணி ஊத்துனேன்னு எழுதிக்குவீங்களோ?

— ஒண்ணும் எழுத மாட்டேன்.

— அழகாயி மகள் பிள்ளைன்னு...

— யார் பிள்ளையாவும் இருக்கட்டும். நான் கேக்கல. தகப்பன் யாரு, தாய் யாரு, எனக்கு வேணாம். தொறந்து போங்க.

— நாளைக்கு ஐயர் கேப்பாரு. உங்க வேலைக்கே ஆபத்து வரும். நெனச்சுத்தான் சொல்றீங்களா?

— வரட்டும். கட்டளைய மீறுனது நான்தான்னு எந்திரிச்சு நின்னு சொல்றேன். சபைய விட்டு அனுப்புனா, பெரட்டுக்கு வந்து உன்கூட நிக்கிறேன். எனக்கு மம்மட்டி புடிக்கத் தெரியும்.

— வாசலோர வாங்கு எங்கன்னு கேட்டா?

— அடக்கம் பண்ணியாச்சுன்னு சொல்றேன். இனி அப்படி ஒரு வாங்கு அந்த வாசல்ல நான் இருக்கிற வரைக்கும் வராது.

— உபதேசியாரே.

— என்ன?

— ஒண்ணுமில்ல. அன்னைக்குப் பெரட்டுக் களத்துல பேசுன மனுசன எங்க காணோம்னு தேடிக்கிட்டே இருந்தேன்.

— பேச்ச விடு. பெட்டிய எடுத்துட்டு வா சிவசாமி, மழை புடிக்கப் போகுது. நான் முன்னால நடந்து கேட்டத் தொறக்குறேன். இல்ல, இரு. மொதல்ல இங்க ஒரு ஜெபம் பண்ணிடுறேன். தள்ளி நின்னு இல்ல, பக்கத்துல. என்ன பேர் சொல்லிப் பண்ணணும்?

— இன்னும் பேர் வைக்கல.

— ஏன்? ரெண்டு நாள் இருந்துச்சே.

— தாத்தா வைக்கணும்னு தாய்க்கு ஆசை. அதுக்குத்தான் இந்த ஒடம்போட பல்லேகமயில இருந்து தனியா மலை ஏறி வந்திருக்கா. வந்த எடத்துல வலி எடுத்துருச்சு. அதுக்கு மேல நடக்க முடியல.

— பாவம். அந்தத் தாத்தா எங்க இருக்காரு? யாரையாவது அனுப்பு, நான் சொன்னேன்னு சொல்லிக் கையோட கூட்டிட்டு வரட்டும். அவர் வார வரைக்கும் பெட்டிய மூட வேணாம்.

— நான் இங்கதான் படுத்திருக்கேன்ப்பா, குனிஞ்சு வாங்க. உள்காம்பரா வாசல் நெல தாழ்வு, தலையில இடிச்சிடும்.